இன்ஜின் பெட்டி

ஒன்பது பத்துக்கே உடம்பு தயார்.
ஆறு சுற்று, முட்டி உயர்த்தி நாலு,
குதிகாலைப் பின்னால் உதைத்து நாலு,
பலகைவரை அளவோட்டம் இரண்டு.
பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.
பின்தொடையைத் தட்டிப் பார்த்தேன்,
கேட்டதும் பதில் சொல்லும் நிலையில் இருந்தது.

அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள்,
சிறப்பு விருந்தினர் வள்ளியூர் ரயில்வே கேட்டில் நிற்கிறாராம்.
கொடி ஏறாமல் ஒரு குண்டுகூட எறியக்கூடாது.

பணகுடியில் ஆடிக்காற்றுக்கு யாரும் காத்திருக்க வேண்டாம்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதற்கு கேட் கிடையாது.
மலை தாண்டும்போதே கொஞ்சம் மழையை அள்ளிக்கொண்டு வந்து
மைதானத்தில் உதறும்.
காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம்.
எனக்கு
முதலில் பனியன் குளிர்ந்தது,
பிறகு பனியனுக்குள் இருந்தவள்.

தசைச்சூடு செல்போன் சார்ஜ் மாதிரி.
ஏறும்போது ஒவ்வொன்றாய் ஏறும்,
இறங்கும்போது எண்பதிலிருந்து நேரே பதினைந்து.
போன வருஷம் நாகர்கோவிலில்
இதே மாதிரி இடைவேளையில்
சிமெண்ட் படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன்.
இரண்டாவது தாண்டலில், ஹாப் முடிந்து ஸ்டெப் எடுக்கையில்
தொடைக்குள் யாரோ பழைய சேலையைக் கிழித்தார்கள்.
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.
ஐந்து மாதம் மாடிப்படியில்
ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து ஏறினேன்.

அதனால் இப்போது உட்காருவதில்லை.
தம்பியின் குரங்குக்குல்லா,
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு டிராக்பேன்ட்,
அதற்குமேல் அப்பாவின் சாரம்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தேன்,
கொடைக்கு வேஷம் கட்டியவள் போல.
குண்டு எறியும் பையன்கள் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி,
கூத்தங்குழி பிரைட்லின்.
என்னைவிட நாலு சென்டிமீட்டர் கூடத் தாண்டுகிறவள்.
அவளிடம் ஒரு துண்டு மட்டும் இருந்தது.
உதடு நாவல்பழம் தின்ற நிறம்.

ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.
அவள் தொடை ஆறினால் எனக்கு முதலிடம்,
கிழிந்தால் மாநிலப் போட்டிக்கும் நான்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
பிறகு அந்தச் சேலைச் சத்தம் கேட்டது.

“ஏட்டி, வா” என்றேன்.

எங்கள் கல்லூரியின் பழைய பஸ்ஸில்
செல்வின் அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.
“டீசலுக்கு யாரு கணக்குச் சொல்லுவா?” என்று கேட்டபடியே
சாவியைத் திருகினார்.
டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி,
கட்டம் போட்ட ரெக்சின் உறை,
கால்மணி நேரத்தில் தோசைக்கல்.
ஆளுக்குப் பாதி,
முதுகோடு முதுகு சாய்ந்து,
பின்தொடையை அதற்குக் கொடுத்தோம்.
நடுக்கம் பல்வரை ஏறியது.
கணுக்காலை மட்டும் சும்மா விடவில்லை,
அவள் இடமாகச் சுற்றினாள், நான் வலமாக.
நடுவே இறங்கி, இருக்கை வரிசைக்கு நடுவில் இருபது துள்ளல்.
பேசவில்லை. பேசினாலும் இன்ஜின் விடாது.
ஒருமுறை “சுடுது” என்றாள்.
“சுடட்டும்.”

பத்தே முக்காலுக்கு விருந்தினர் வந்தார்.
கொடி ஏறியது, புறா பறக்க மறுத்தது.
ஒழுக்கம் பற்றி இருபது நிமிஷம் பேசினார்.
நாங்கள் இன்ஜினை அணைக்கவில்லை.

பெயர் கூப்பிட்ட பிறகுதான்
ஓடுபாதை முனையில் சாரத்தை அவிழ்த்தேன்.
காற்றுமானியில் மூன்று புள்ளி நாலு.
இன்றைக்கு யார் என்ன தாண்டினாலும்
சாதனைப் பட்டியலில் ஏறாது.
இரண்டு மணி நேரம் என்னைத் தின்ற காற்று
இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
ஹாப்.
ஸ்டெப்.
கிழியவில்லை.
மணல் வாய்க்குள் போனதுகூட நன்றாக இருந்தது.

அடுத்து அவள் ஓடினாள்.
பின்தொடையில் ரெக்சின் கட்டங்கள்
செக்கச்செவேலென்று.
நாடாவை இழுக்கும் முன்பே தெரிந்துவிட்டது,
அந்த நாலு சென்டிமீட்டர் இன்னும் அவளிடம்தான்.
ஆறாகவும் இருக்கலாம்.

வேலி ஓரத்தில் செல்வின் அண்ணன்
என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.
வெற்றி என்று நினைத்துக் கையசைத்தேன்.
“ரெண்டு லிட்டர்” என்று கத்தினார்.